லண்டன்ல கூட்டம் மொய்க்காத விசித்திர மியூசியங்கள்: எதுக்கு கண்டிப்பா போகணும், எதை விட்டுடலாம்

லண்டன் வர்ற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் லிஸ்ட் ஒண்ணுதான், பிக் பென், டவர் பிரிட்ஜ், லண்டன் ஐ, மெழுகு பொம்மை, நேரம் இருந்தா பிரிட்டிஷ் மியூசியத்துக்குள்ள ஓட்டமா ஓடி பழைய எகிப்து எழுத்துப் பொறிச்ச ரொசெட்டா கல்லு முன்னாடி ஒரு போட்டோ, முடிஞ்சுது. முதல் தடவை வர்றப்ப அதெல்லாம் பாக்காம போக யாருக்கும் மனசு வராது, அதுல தப்பும் இல்ல. ஆனா ஊர்லருந்து வர்ற சொந்தக்காரங்களை வருஷக்கணக்கா கூட்டிட்டு சுத்துனதுல நான் பாத்தது என்னன்னா, ஊருக்குப் போயும் அவங்க போன்ல பேசிட்டு இருக்குறது அந்தப் பெரிய இடங்களைப் பத்தி இல்ல. யாரோ ஒரு மனுஷன் பித்து பிடிச்ச மாதிரி உயிரைக் குடுத்து சேத்து வச்ச சின்ன இடங்களைப் பத்திதான் பேசுறாங்க. அந்த மாதிரி இடங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதையும், பரவால்ல ரகத்தையும், ஏமாத்தமா போனதையும் இங்க எழுதுறேன்.

முதல்ல சர் ஜான் சோன் மியூசியம். ஹோல்பர்ன் ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ்னு ஒரு பெரிய சதுக்கம், அதுல 13-ம் நம்பர் வீடு. வெளிய பாத்தா வீடுன்னுதான் நினைப்பீங்க, வீடேதான். சோன் ஒரு கொத்தனார் பையன், படிப்படியா மேல வந்து இங்கிலாந்து பேங்க் கட்டடத்துக்கே ஆர்க்கிடெக்ட் ஆனவர். சம்பாதிச்ச காசையெல்லாம் சிலை, தூண் துண்டு, ஓவியம், கிரேக்கப் பானைன்னு வாங்கி வாங்கிக் குவிச்சு, இடம் பத்தாம பக்கத்து பக்கத்து வீடா மூணு வீட்டையும் வாங்கி இடிச்சுக் கட்டி ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டார். 1833-ல இதுக்குன்னே பார்லிமென்ட்ல ஒரு சட்டம் போட வச்சு, தன் காலத்துக்கு அப்புறமும் வீட்டை முடிஞ்ச வரைக்கும் அப்படியே வச்சிருக்கணும், ஜனங்க காசு குடுக்காம பாக்கணும்னு எழுதி வச்சுட்டு 1837-ல போய் சேந்தார். இன்னிக்கு வரைக்கும் உள்ள போக காசு கிடையாது.

உள்ள போனா முதல் அஞ்சு நிமிஷம் ஒண்ணும் புரியாது, ஏன்னா எதுக்கும் பேர்ப்பலகை கிடையாது, சுவர், மூலை, மேல, கீழ எங்க பாத்தாலும் ஏதாவது ஒண்ணு தொங்குது இல்லனா நிக்குது. கொஞ்சம் நிதானமா நின்னு பாத்தீங்கன்னாதான் அந்த மனுஷனோட மூளை வேலை செஞ்ச விதம் தெரியும். காலை டிபன் ரூம்ல கூரை குடை விரிச்ச வடிவத்துல இருக்கு, அதுல அங்கங்க சின்னச் சின்ன உருண்டைக் கண்ணாடி பதிச்சிருக்கார், ஒவ்வொண்ணுலயும் முழு ரூமும் குட்டியா தெரியும், நீங்க நகர நகர அதுக்குள்ள நீங்களும் நகருவீங்க. மேல மஞ்சள் கண்ணாடி போட்ட ஜன்னல், வெளிய லண்டன் வானம் சாம்பலா இருந்தாலும் உள்ள மட்டும் வெயில் அடிக்கிற வெளிச்சம் விழுது.

பிக்சர் ரூம் ஒண்ணு இருக்கு, நம்ம வீட்டு பெட்ரூம் அளவுதான், ஆனா அதுக்குள்ள 100-க்கு மேல ஓவியம். எப்படின்னா சுவரே கதவு. அங்க நிக்குற ஸ்டாஃப் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை வந்து கொக்கியை எடுத்து சுவரை இழுத்துத் திறப்பாங்க, உள்ள இன்னொரு வரிசை ஓவியம், அதையும் திறந்தா அதுக்குப் பின்னாடி கீழ இருக்குற இன்னொரு ரூமே தெரியும். ஹோகார்த்னு ஒரு ஓவியர் வரைஞ்ச 8 படத் தொடர் ஒண்ணு அங்கதான் இருக்கு, அப்பன் சொத்தை வாங்கின பையன் சூதாட்டம், குடி, கடன், ஜெயில்னு போய் கடைசியில பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கிடக்குற வரைக்கும் ஒவ்வொரு படமா போகும். சுவரைத் திறக்குற நேரத்துக்கு அந்த ரூம்ல இருந்தே ஆகணும், எப்போன்னு வாசல்லயே கேட்டு வச்சுக்குங்க.

கீழ்த்தளத்துல எகிப்து ராஜா முதலாம் சேதியோட கல் சவப்பெட்டி. ஒரே கல்லுல குடைஞ்சது, உள்ளயும் வெளியயும் பொடிப்பொடியா சித்திர எழுத்து, கல்லு வெளிச்சம் ஊடுருவுற வகை. பெல்சோனின்னு ஒருத்தர் 1817-ல கண்டுபிடிச்சது இது, பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்துப் பாத்தாங்க, 2000 பவுண்டான்னு வேணாம்னுட்டாங்க, சோன் 1824-ல அந்தக் காசைக் குடுத்து வாங்கி, உள்ள இறக்க வீட்டுப் பின்சுவரையே உடைச்சார். அடுத்த வருஷம் மூணு ராத்திரி வீடு முழுக்க விளக்கு ஏத்தி விருந்து வச்சு ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருக்கார். அந்தப் பெட்டி பக்கத்துல ஒரு கை தூரத்துல நின்னு பாக்கலாம்.

இன்னொரு விஷயம், அங்க நிக்குற வயசான வாலன்டியர்கிட்ட கேட்டா சொல்லுவாங்க, சோனோட மகன் ஜார்ஜ் அப்பா கட்டின கட்டடங்களை எல்லாம் மட்டம் தட்டி பேர் போடாம 1815-ல பத்திரிகையில எழுதிட்டான், எழுதுனது மகன்தான்னு தெரிஞ்ச கொஞ்ச நாள்லயே அவனோட அம்மா இறந்துட்டாங்க. அந்தப் பத்திரிகைப் பக்கங்களை ஃபிரேம் போட்டு, மகன் குடுத்த சாவு அடின்னு எழுதி மாட்டி வச்சவர் சோன். சொத்து மகனுக்குப் போகக் கூடாதுங்குறதும் அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம். இந்தக் கதையைக் கேட்டுட்டு திரும்பவும் ஒரு சுத்து வாங்க, வீடு வேற மாதிரி தெரியும். என்னைக் கேட்டா லண்டன்ல ஒரே ஒரு மியூசியத்துக்குத்தான் டைம் இருக்குன்னா இதுக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன், பிரிட்டிஷ் மியூசியத்துக்கு மேல இதைத்தான் வைப்பேன்.

குறைன்னா ஒண்ணுதான், இடம் ரொம்ப நெருக்கம், ஓடியாடுற சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போனா உங்களுக்கு சிலை மேலயே கண்ணு இருக்கும், ஒண்ணும் ரசிக்க முடியாது. முதுகுல பெரிய பை மாட்டிட்டும் போகாதீங்க.

அதே சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சர்ஜன்கள் ராயல் காலேஜ், அதுக்குள்ள ஹன்டேரியன் மியூசியம், இதுவும் இலவசம். ஜான் ஹன்டர்னு 18-ம் நூற்றாண்டு சர்ஜன் சேத்த உடல் உறுப்புகள், ஜாடி ஜாடியா, 2000-க்கு மேல. ரொம்ப வருஷம் மூடி வச்சிருந்து 2023-ல திறந்தாங்க, வெளிச்சமும் விளக்கமும் ரொம்ப நல்லா பண்ணிருக்காங்க. அங்க ஈவ்லின் மேசைன்னு நாலு மரப்பலகை இருக்கு, 1640-கள்ல இத்தாலியில பாதுவா ஊர்ல செஞ்சது, மனுஷ உடம்புல இருந்து ரத்தக் குழாயையும் நரம்பையும் தனியா பிரிச்சு எடுத்து பலகையில ஒட்டி மேல வார்னிஷ் அடிச்சிருக்காங்க. தலை முதல் கால் வரைக்கும் கிளை கிளையா ஓடுது. டாக்டருக்குப் படிக்குற என் அத்தை பொண்ணு அதை விட்டு நகரவே இல்ல, "புக்ல படம் போட்டு படிக்குறது எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லண்ணா"ன்னு சொல்லிட்டே இருந்தா.

ஆனா ஒரு விஷயத்துக்காக எனக்கு இந்த மியூசியம் மேல மரியாதை கூடுச்சு. சார்லஸ் பர்ன்னு ஒரு அயர்லாந்துக்காரர், ஏழரை அடிக்கு மேல உயரம், 1783-ல சாகுறப்ப என் உடம்பை சர்ஜன்கள் கையில குடுத்துராதீங்க, கடல்ல போட்டுருங்கன்னு கேட்டுக்கிட்டார். ஹன்டர் ஆள் வச்சு காசு குடுத்து உடம்பை வாங்கி எலும்புக்கூட்டை வச்சுக்கிட்டார், அது 200 வருஷத்துக்கு மேல காட்சிக்கு இருந்துச்சு. 2023-ல திறக்குறப்ப அதை இனிமே காட்சிக்கு வைக்க மாட்டோம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆராய்ச்சிக்காக இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு, அடக்கம் பண்ணல, என்னைப் பொறுத்த வரைக்கும் பாதி நியாயம்தான் நடந்திருக்கு, ஆனா அந்தப் பாதியாவது நடந்துச்சே. ரத்தம், உறுப்பு பாத்தா மயக்கம் வர்றவங்க இந்த இடத்தை விட்டுடுங்க, கட்டாயம் இல்ல.

இப்ப பழைய ஆபரேஷன் தியேட்டர். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கத்துல, ஷார்ட்னு சொல்ற அந்தக் கூர் கோபுரத்தோட காலடியில ஒரு பழைய சர்ச், அதோட பரண்ல இருக்கு. சர்ச் பரண்ல ஆபரேஷன் தியேட்டரான்னு எனக்கும் முதல்ல நம்பிக்கை வரல. அந்தக் காலத்துல செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி அந்த இடத்துலதான் இருந்துச்சு, பெண்கள் வார்டு சர்ச் பரணுக்கு ஒட்டுன மாதிரி அமைஞ்சிருந்துச்சு, பரண்ல ஆஸ்பத்திரி மருந்துக்காரர் மூலிகை காய வச்சுட்டு இருந்தார், 1822-ல அங்கயே தியேட்டர் கட்டிட்டாங்க, கூரையில பெரிய கண்ணாடி வச்சா வெளிச்சத்துக்கு வெளிச்சம், வார்டுலருந்து நேரா தூக்கிட்டு வந்துரலாம். 1862-ல ரயில்வேக்காக ஆஸ்பத்திரி இடம் மாறிப் போனப்ப பரணை அடைச்சுட்டாங்க, அப்புறம் ஏறக்குறைய 100 வருஷம் அப்படி ஒண்ணு இருக்குறதே யாருக்கும் ஞாபகம் இல்ல. 1956-ல ரேமண்ட் ரஸல்னு ஒருத்தர் பழைய ஆஸ்பத்திரி சரித்திரத்தைத் தேடிட்டு ஏணி போட்டு ஏறிப் பாத்துக் கண்டுபிடிச்சார். ஐரோப்பாவுல மிச்சம் இருக்குற ரொம்பப் பழைய ஆபரேஷன் தியேட்டர்னு சொல்றாங்க.

ஏற 52 படி, குறுகலான சுழல் படிக்கட்டு, பிடிச்சுக்க கயிறு. முட்டி வலி இருக்குறவங்க யோசிச்சுக்குங்க. மேல போனதும் முதல்ல மூலிகை வாசனைதான் மூக்குல ஏறும், காஞ்ச கட்டு கட்டா தொங்குது. கசகசாச் செடியோட காஞ்ச காய்களைக் கூரை உத்தரத்துல கண்டெடுத்துருக்காங்க, வலிக்கு அப்ப அபினிதான்.

அடுத்து தியேட்டர். குதிரை லாட வடிவத்துல மரப் படிக்கட்டு வரிசை, மாணவர்கள் சாஞ்சு நின்னு பாக்க ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு மரக் கம்பி, நடுவுல ஒரு மர மேசை. மேசைக்குக் கீழ ஒரு பெட்டியில மரத்தூள், ரத்தம் வடிய வடிய சர்ஜன் அதைக் காலால தள்ளித் தள்ளி விடுவாராம். தரையும் ரெண்டு அடுக்கு, நடுவுல மரத்தூள் நிரப்பிருக்காங்க, இல்லனா கீழ சர்ச் கூரையில ரத்தம் இறங்கிடும்னு. இதை கைடு சொன்னப்ப நான் நின்னுட்டு இருந்த பலகையையே குனிஞ்சு பாத்தேன்.

இந்த இடம் ஏன் இவ்ளோ முக்கியம்னா அது நடந்த வருஷங்களைப் பாருங்க, 1822 முதல் 1862 வரைக்கும். இங்கிலாந்துல ஈத்தர் குடுத்து மயக்கி ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சது 1846 கடைசியில. அப்படின்னா இந்த மேசை மேல முதல் 24 வருஷம் படுத்த பொண்ணுங்க எல்லாரும் முழிச்சுட்டுதான் இருந்தாங்க, கண்ணைக் கட்டிருப்பாங்க, ஆள் பிடிச்சுக்குவாங்க, கை தேர்ந்த சர்ஜன் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள காலை எடுத்துருவார், வேகம்தான் அப்ப இருந்த ஒரே கருணை. மயக்க மருந்து வந்தப்புறமாவது நிம்மதியான்னா அதுவும் இல்ல, கிருமின்னு ஒண்ணு இருக்குறது யாருக்கும் தெரியாது, லிஸ்டர்னு ஒரு சர்ஜன் கார்பாலிக் ஆசிட் போட்டு காயத்தை சுத்தம் பண்ணி அதைப் பத்தி எழுதுனது 1867-ல, அதுக்குள்ள இந்தத் தியேட்டரே மூடியாச்சு. சர்ஜன் போட்டுட்டு இருந்த பழைய கோட்ல ரத்தம் காஞ்சு விறைச்சுப் போயிருக்கும், அதை அவங்க பெருமையா வேற நினைச்சாங்களாம். வசதியானவங்க இங்க வர மாட்டாங்க, வீட்டுக்கே டாக்டரைக் கூப்பிட்டு சமையல் மேசையில பண்ணிக்குவாங்க, இங்க வந்தது எல்லாம் ஏழைப் பொண்ணுங்க, வைத்தியம் இலவசம், அதுக்கு பதிலா அத்தனை பசங்க முன்னாடி படுக்கணும். சுவத்துல லத்தீன்ல ஒரு வரி எழுதிருக்கு, காசுக்காக இல்ல, இரக்கத்தாலன்னு அர்த்தம். எனக்கு அந்த வரியைப் படிச்சுட்டு அந்த மேசையைப் பாக்குறப்ப தொண்டை அடைச்சுது, ஆபரேஷன் தியேட்டர்னா பயப்படுற எங்கம்மாகூட கீழ இறங்குறப்ப "நாம எல்லாம் குடுத்து வச்சவங்கடா"ன்னு மட்டும் சொன்னாங்க.

டிக்கெட் உண்டு, வாங்கலாம், ஒவ்வொரு பைசாவும் தகும். கைடு பேசுற நேரம் பாத்துப் போங்க, பேச்சு இல்லாம சும்மா சுத்திப் பாத்தா பாதிதான் கிடைக்கும்.

பசங்களோட வர்றவங்களுக்கு முதல் இடம் போஸ்டல் மியூசியம், குறிப்பா மெயில் ரெயில். லண்டனுக்கு அடியில கடிதங்களுக்குன்னு மட்டும் ஒரு ரயில் ஓடிட்டு இருந்தது நிறைய லண்டன்காரங்களுக்கே தெரியாது. 1927-ல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் ஓடுச்சு, பாடிங்டன்லருந்து வைட்சேப்பல் வரைக்கும் ஆறரை மைல், ரோட்டுக்கு 70 அடி கீழ, டிரைவர் கிடையாது, எல்லாம் கரன்ட்ல தானா ஓடும். மேல ரோட்ல பனி மூட்டமும் வண்டி நெரிசலும் சேந்து தபாலை லேட் பண்ணுதுன்னுதான் கீழ தோண்டுனாங்க. முதல் உலகப் போர் வந்துட்டதால தண்டவாளம் போடாம சுரங்கம் சும்மா கிடந்துச்சு, அந்த டைம்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்த ரொசெட்டா கல்லையே குண்டுக்குப் பயந்து இந்தத் தபால் சுரங்கத்துல கொண்டு வந்து வச்சாங்க. இன்னிக்கு மக்கள் கூட்டமா முண்டியடிச்சுப் பாக்குற அதே கல்லு!

2017-லருந்து அதுல நாம உக்காந்து போகலாம். வண்டி ரொம்பக் குட்டி, முட்டியை மடக்கித்தான் உக்காரணும், மேல கண்ணாடி மூடி, கால் மணி நேரம் மவுன்ட் பிளசன்ட் தபால் நிலையத்துக்கு அடியில இருக்குற சுரங்கத்துல சுத்திக் காட்டுறாங்க. நடுவுல நின்னு பிளாட்பார்ம் சுவத்துல பழைய காட்சிகளை வெளிச்சமா போடுறாங்க. சுவர்ல தண்ணி கசிஞ்சு சுண்ணாம்பு சொட்டு சொட்டா படிஞ்சு தொங்குறது கை எட்டுற தூரத்துல தெரியும். மூடின இடம்னா பயம் இருக்குறவங்களுக்கு, சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு, வண்டியில ஏறாமலே பாக்குற ஷோ தனியா வச்சிருக்காங்க.

எங்கப்பா தபால் துறையில வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், ஆர்.எம்.எஸ்-ல ராத்திரி ரயில்ல நின்னுட்டே கடிதம் பிரிச்சவர். ஓடுற ரயில்ல கடிதம் பிரிக்குற டப்பா வரிசையை அங்க செட் பண்ணி வச்சு பசங்க விளையாட விட்டுருக்காங்க, தரையும் ஆடும். எங்கப்பா போய் நின்னவர் அங்க நின்ன ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு எப்படி இடது கையில கட்டைப் பிடிச்சு கட்டை விரலால ஒவ்வொண்ணா தள்ளணும்னு செஞ்சு காட்டிட்டு இருக்கார், ரெண்டு பேருக்கும் பாஷை புரியல, ஆனா அந்தப் பையன் கத்துக்கிட்டான். "பாத்தியாடா, கை மறக்கல"ன்னு என்கிட்ட சொன்னப்ப அவர் முகத்தைப் பாக்கணும். அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற மெயின் கட்டடத்துல அஞ்சு சக்கர சைக்கிள், உலகத்தோட முதல் தபால்தலையான 1840 பென்னி பிளாக், எல்லாம் இருக்கு. எலி கடிதத்தைக் கடிக்குதுன்னு 1868-ல தபால் ஆபீஸ்ல மூணு பூனையை வாரம் ஒரு ஷில்லிங் படிக்கு வேலைக்கு வச்ச கதையைக் கேட்டு என் பொண்ணு இன்னும் அந்தப் பூனைங்க பேர் என்னன்னு கேட்டுட்டு இருக்கா. ரெண்டு கட்டடத்துக்கும் சேத்து பாதி நாள் ஒதுக்குங்க, லீவு நாள்ல ரயிலுக்கு முன்னாடியே புக் பண்ணிருங்க.

யுனிவர்சிட்டி காலேஜ் பக்கம் போனீங்கன்னா இலவசமா மூணு விஷயம் நடக்குற தூரத்துல இருக்கு. கிரான்ட் விலங்கியல் மியூசியம் ஒரே ஹால்தான், அதுல பிரபலம் ஒரு ஜாடி, மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழ்ற மோல்ங்குற சின்னப் பிராணி 18, ஒண்ணு மேல ஒண்ணா அடைச்சு வச்சிருக்கு, எதுக்கு அப்படி அடைச்சாங்கன்னு யாருக்கும் தெரியல. எனக்கு அதை விடப் பிடிச்சது குவாகா எலும்புக்கூடு. குவாகாங்குறது தென்னாப்பிரிக்காவுல இருந்த வரிக்குதிரை வகை, பாதி உடம்புலதான் வரி இருக்கும், வேட்டையாடியே அழிச்சுட்டாங்க, கடைசி ஒண்ணு 1883-ல ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில செத்துச்சு. இந்த எலும்புக்கூட்டை ரொம்ப காலம் சாதா வரிக்குதிரைன்னு நினைச்சு வச்சிருந்து 1972-லதான் குவாகான்னு கண்டுபிடிச்சாங்க, உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற அளவுதான் மிச்சம். அப்புறம் மைக்ரேரியம்னு ஒரு சின்ன அறை, பழைய ஸ்டோர் ரூம், உள்ள போனா சுவர் முழுக்க மைக்ராஸ்கோப் ஸ்லைடு 2000-க்கு மேல அடுக்கி பின்னாடி விளக்குப் போட்டிருக்காங்க. பூமியில இருக்குற உயிர்கள்ல பெரும்பாலானது கண்ணுக்கு சரியா தெரியாத அளவுதானே, எல்லா மியூசியமும் யானை, திமிங்கலத்தையே காட்டுனா எப்படின்னு யோசிச்சு பண்ணது. வாரநாள்ல மதியத்துக்கு மேலதான் திறப்பாங்க, காலையில போய் நிக்காதீங்க.

அங்கருந்து ஸ்டூடன்ட் சென்டர் போனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஜெரமி பென்தம் உக்காந்திருக்கார். 1832-ல இறந்த தத்துவஞானி, என்னைப் புதைக்காதீங்க, எலும்புக்கூட்டுக்கு என் துணியை மாட்டி நாற்காலியில உக்கார வைங்கன்னு உயில்ல எழுதிட்டார், அப்படியே பண்ணிட்டாங்க. தலை மட்டும் மெழுகு, நிஜத் தலையைப் பதப்படுத்துனது சரியா வராம பாக்கவே பயமா ஆயிடுச்சுன்னு தனியா எடுத்து வச்சிருக்காங்க. பசங்க லேப்டாப் மடியில வச்சுட்டு பக்கத்துல நடந்து போயிட்டு இருக்காங்க, யாரும் திரும்பிக்கூட பாக்கல. அஞ்சு நிமிஷம் போதும். மூணாவது பெட்ரி மியூசியம், எகிப்துச் சாமான், எகிப்துல தார்கான்ங்குற இடத்துல கிடைச்ச ஒரு துணிச் சட்டை இருக்கு, 5000 வருஷம் பழசு, முழங்கை மடிப்புச் சுருக்கம் இன்னும் அப்படியே இருக்கு, போட்டுக் கழட்டின சட்டைன்னு அதுலருந்தே தெரியும். எகிப்து ஆர்வம் இல்லாதவங்களுக்கு மத்த பானை ஓடுகள் கொஞ்சம் சலிக்கும், அந்த ஒரு சட்டைக்காகப் போயிட்டு வரலாம்.

டென்னிஸ் செவர்ஸ் வீடு பத்தி எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்குறாங்க, பிடிச்சவங்களுக்கு உயிர், பிடிக்காதவங்களுக்கு காசு வேஸ்ட். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல ஃபோல்கேட் ஸ்ட்ரீட் 18. செவர்ஸ் ஒரு அமெரிக்கர், 1979-ல இந்தப் பழைய வீட்டை வாங்கி 1999-ல சாகுற வரைக்கும் அங்கயே இருந்தார். பிரான்ஸ்லருந்து தப்பி வந்து பட்டு நெசவு செஞ்ச ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ணி, அவங்க தலைமுறை தலைமுறையா அங்க வாழ்ற மாதிரி பத்து ரூமையும் அமைச்சார். நீங்க ஒரு ரூமுக்குள்ள நுழையுறப்ப இப்பதான் அவங்க எந்திரிச்சுப் போயிருக்காங்க, மெழுகுவத்தி எரியுது, ரொட்டி பாதி கடிச்சபடி, படுக்கை கலைஞ்சு கிடக்கு, பக்கத்து ரூம்ல யாரோ பேசுற சத்தம். விதி என்னன்னா வாயே திறக்கக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. நான் முதல் கட்சி. கீழ வசதியா இருந்த அதே வீட்ல மேல் மாடிக்குப் போகப் போக சாயம் போன துணி கொடியில தொங்குது, கூரை ஒழுகுது, பட்டுத் தொழில் நொடிச்சு வீட்டை வாடகைக்கு விட்ட காலம் அது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாம அந்த வறுமை புரியுது. பத்து நிமிஷம் கூட சும்மா இருக்க முடியாதவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, மத்தவங்களுக்கும் கெட்டுடும்.

இதுக்கெல்லாம் நேர் எதிரா ஒண்ணு சொல்லணும். விசித்திரம், வித்தியாசம்னு விளம்பரம் போட்டு நடு ஊர்ல சில இடங்கள் இருக்கு, பேர் வேண்டாம், மாயத் தோற்றம், கலர் பந்து, கண்ணாடி ரூம் வகை. டிக்கெட் விலை தலை சுத்தும், உள்ள போனா பத்தடிக்கு ஒரு தடவை இங்க நின்னு போட்டோ எடுங்கன்னு தரையில ஸ்டிக்கர், ஒரு வரி விஷயம் கிடையாது, வெளிய வர்ற வழி நேரா கடைக்குள்ள விடும். நாலு பேர் குடும்பமா போய் முக்கால் மணி நேரத்துல வெளிய வந்து நின்னப்ப எரிச்சலா இருந்துச்சு, பசங்ககூட மறுநாள் அதைப் பத்திப் பேசல. அந்தக் காசுல மெயில் ரெயில்ல போயிருக்கலாம்.

தென் லண்டன் பக்கம் தங்குறவங்க கிரிஸ்டல் பேலஸ் பார்க்ல டைனோசர் சிலைகளைப் பாருங்க, காசு கிடையாது. 1854-ல வச்சது, உலகத்துலயே முதல் முதலா முழு உருவத்துல செஞ்ச டைனோசர் சிலைகள், டைனோசர்ங்குற பேரையே ரிச்சர்ட் ஓவன்னு ஒரு விஞ்ஞானி 1842-லதான் வச்சிருந்தார். கிடைச்ச நாலு எலும்பை வச்சு ஊகிச்சுப் பண்ணதால நிறைய தப்பு, இக்வானோடான்ங்குற டைனோசருக்கு மூக்கு மேல ஒரு கொம்பு வச்சிருக்காங்க, அது உண்மையில கட்டை விரல் முள்ளுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஆனா எனக்கு அந்தத் தப்புதான் அழகு, தெரிஞ்சதை வச்சு அவ்ளோ தைரியமா செஞ்சு ஊர் முன்னாடி நிறுத்திருக்காங்க. சிலை செஞ்ச ஹாக்கின்ஸ் 1853 கடைசி ராத்திரி அந்த இக்வானோடான் அச்சுக்குள்ளயே மேசை போட்டு விஞ்ஞானிகளுக்கு விருந்து வச்சார். பக்கத்துல ஃபாரஸ்ட் ஹில்ல இருக்குற ஹார்னிமன் மியூசியத்துலயும் இதே வகைத் தப்பு ஒண்ணு, வால்ரஸ்ங்குற தந்தம் வச்ச கடல் பிராணி. பாடம் பண்ணவங்க நிஜ வால்ரஸைப் பாத்ததே இல்ல, அதோட தோல் மடிப்பு மடிப்பா தொங்கணும்னு தெரியாம எல்லா மடிப்பையும் இழுத்து நிரப்பி லாரி டியூப்புக்குக் காத்தடிச்ச மாதிரி ஆக்கிட்டாங்க. அது இருக்குற கேலரியை 2024-ல புதுப்பிக்குறதுக்காக மூடுனாங்க, அதுக்காகவே போறவங்க திறந்தாச்சான்னு பாத்துட்டுக் கிளம்புங்க.

செயின்ட் பால்ஸ் சர்ச் பக்கம் எப்படியும் போவீங்க, அங்கருந்து அஞ்சு நிமிஷ நடையில போஸ்ட்மேன்ஸ் பார்க். வாட்ஸ்னு ஒரு ஓவியர் 1900-ல அங்க ஒரு கூரைக் கொட்டகை கட்டி, அடுத்தவங்க உயிரைக் காப்பாத்தப் போய் தன் உயிரை விட்ட சாதாரண ஜனங்களுக்குன்னு பீங்கான் பலகை பதிக்க ஆரம்பிச்சார். ராஜா, தளபதிக்கெல்லாம் சிலை இருக்கு, இவங்களுக்கு யார் வைப்பாங்கன்னு கேட்டவர் அவர். ஆலிஸ் ஏயர்ஸ், கட்டடத் தொழிலாளி மகள், 1885-ல தீப்பிடிச்ச வீட்லருந்து மூணு குழந்தைகளைக் காப்பாத்திட்டு இறந்தா. அதே வருஷம் ஜனவரியில ஹைகேட் குளத்துல பனிக்கட்டி உடைஞ்சப்ப நிறைய பேரை வெளிய இழுத்துப் போட்டுட்டு களைப்புலயே செத்துப் போன ஒருத்தர். தோழி உடம்புல பத்துன தீயை அணைக்கப் போய் தன் நாடக உடுப்புலயும் தீப்பிடிச்சு இறந்த நடிகை ஒருத்தி. ஒவ்வொரு பலகையும் ரெண்டு மூணு வரிதான். மதியம் ஆபீஸ்காரங்க அங்க உக்காந்து சாண்ட்விச் சாப்பிடுவாங்க, இடம் கிடைச்சா நீங்களும் உக்காந்து எல்லாத்தையும் படிங்க, பசங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க, இருபது நிமிஷத்துக்கு மேல ஆகாது.

பிளான் போடுறவங்களுக்கு, சோன் வீடு திங்கள், செவ்வாய் லீவு, ஹன்டேரியன் ஞாயிறு, திங்கள் லீவு, அதனால புதன்லருந்து சனிக்குள்ள போனா ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுரலாம். காலையில சோன், கொஞ்சம் சாப்பிட்டுட்டு ஹன்டேரியன், மதியத்துக்கு மேல நடந்தே கிரான்ட். ஹன்டேரியனைப் பாத்துட்டு சாப்பிடப் போகாதீங்க, சாப்பாடு இறங்காது. பெரியவங்களோட வந்தா பழைய ஆபரேஷன் தியேட்டர் படியை நினைச்சு அன்னிக்கு வேற நடை வச்சுக்காதீங்க. டென்னிஸ் செவர்ஸ் வீட்டுக்கு ராத்திரி நேர டிக்கெட் கிடைச்சா அதையே எடுங்க, பகல்ல போறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, ஆனா சீக்கிரம் தீந்துடும்.